வால்வு ஆம்ப் வீட்டுக்கு வந்தாச்சு: எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது

கண்ணாடிக் குழாய்களை (அவைதான் வால்வு) வைத்துப் பாட்டைப் பெரிதாக்கும் வால்வு ஆம்ப் வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "இதுல எந்த வால்வு போட்டா இன்னும் நல்லா இருக்கும்?" ஏன் கேட்கிறார்கள் என்று புரிகிறது. கண்ணெதிரே எரிவது அதுதான். ஈயம் வைக்க வேண்டாம், திருகு கழற்ற வேண்டாம், கையால் பிடுங்கி இன்னொன்றைச் செருகிவிடலாம். கடையிலும் விதவிதமான பெயர்களில், விதவிதமான விலைகளில் கிடைக்கிறது.

நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றே. வால்வைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் ஸ்பீக்கர் பொருந்துகிறதா, அடுத்து பயாஸ் (பாட்டு ஓடாதபோது வால்வில் பாயும் கரன்ட்டின் அளவு) சரியா, அப்புறம் உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கன்டென்சர்கள் உயிரோடு இருக்கின்றனவா, இதெல்லாம் முடிந்து கையில் காசு மிஞ்சினால் வால்வு. இந்த வரிசை ஏன் இப்படி என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தரத்தில் பேசாமல் ஒரே ஒரு ஆம்பை எடுத்துக்கொள்வோம்: டைனாகோ எஸ்டி-70. 1959-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வந்தது. இடது, வலது என்று ஒரு பக்கத்துக்கு 35 வாட். வீட்டிலேயே ஈயம் வைத்துச் சேர்த்துக்கொள்ளும் கிட்டாக 99 டாலர் 95 சென்ட்டுக்கு விற்றார்கள். லட்சக்கணக்கில் போனது. இன்றைக்கும் அதே மின்சுற்றை வைத்துப் புதிதாகச் செய்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். என் வீட்டில் இருப்பதும் அதுதான். நியூஜெர்சியிலிருந்து ஊர் திரும்பிய பெரியப்பா மகன் கொண்டுவந்து கொடுத்தார். இதைப் புரிந்துகொண்டால் சந்தையில் இருக்கும் வால்வு ஆம்புகளில் பெரும்பாலானவை புரிந்த மாதிரிதான்.

மதகும் ரம்பமும்

ஏரி மதகை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே நீர் நிற்கிறது, கீழே வயல். மதகுப் பலகையைக் கொஞ்சம் தூக்கினால் வாய்க்கால் முட்டப் பாய்கிறது. தூக்கச் செலவழித்த பலம் சிறிது, அதனால் நகரும் நீர் ஏராளம். ஆம்ப்ளிஃபயர் செய்வது இதுதான். பாட்டின் சின்ன சிக்னல் பலகையை ஆட்டுகிறது. ஸ்பீக்கரைத் தள்ளும் சக்தி ஏரியிலிருந்து, அதாவது வீட்டுக் கரன்ட்டிலிருந்து வருகிறது.

வால்வுக்குள் பாய்ச்சல் கிளம்பும் இடம் கேத்தோடு. அதன் நடுவே ஒரு ஹீட்டர் கம்பி 6.3 வோல்ட்டில் எரிந்து அதைச் சூடாக்குகிறது. சூடான கேத்தோடிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்புகின்றன. சுற்றிலும் இருக்கும் பிளேட்டில் 400 வோல்ட்டுக்கு மேல் பிளஸ் மின்னழுத்தம் இருப்பதால் அவை அங்கே பாய்கின்றன. இடையில் மெல்லிய கம்பிச் சுருளாக இருப்பது கிரிட். அதில் மைனஸ் மின்னழுத்தம் கூடினால் பாய்ச்சல் குறையும், குறைந்தால் பாய்ச்சல் கூடும். பாட்டு வந்து ஆட்டுவது இந்த கிரிட்டைத்தான். 1904-ல் ஃப்ளெமிங் செய்தது கரன்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடும் குழாய். வால்வு என்ற பெயர் அதனால் வந்தது. 1906-ல் லீ டி ஃபாரஸ்ட் நடுவில் கிரிட்டை நுழைத்த பிறகுதான் அது மதகாயிற்று.

எஸ்டி-70-ல் மொத்தம் ஏழு வால்வு. பக்கத்துக்கு ஒரு சின்ன 7199, பக்கத்துக்கு இரண்டு பெரிய ஈஎல்34, இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு ஜிஇசட்34. ஜிஇசட்34-ன் வேலை ஏசியை டிசி ஆக்குவது. 7199 சின்ன சிக்னலைப் பெரிதாக்கி, ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு பிரதிகளாகப் பிரித்து ஈஎல்34 ஜோடிக்குக் கொடுக்கிறது. ஆளுக்கொரு பக்கம் நின்று பெரிய ரம்பத்தால் மரம் அறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் விட்டுக்கொடுப்பார். அந்த ஜோடியும் அப்படித்தான். புஷ்-புல் என்கிறார்கள். இருவர் பலமும் ஒத்துப்போக வேண்டும் என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வையுங்கள்.

பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம். ஐரோப்பியப் பெயர்களில் ஒவ்வொரு எழுத்துக்கும் பொருள் உண்டு. முதலெழுத்து ஹீட்டர்: ஈ என்றால் 6.3 வோல்ட், ஜி என்றால் 5 வோல்ட். சி என்பது சின்ன டிரையோடு (கேத்தோடு, கிரிட், பிளேட் என்று மூன்று பாகம்), எல் என்பது ஒலி வெளியேற்றும் பெரிய பென்டோடு (இன்னும் இரண்டு கிரிட் சேர்ந்து ஐந்து பாகம்), இசட் என்பது ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபயர். முதல் எண் 3 என்றால் தடித்த எட்டுப் பின் அடிப்பாகம், 8 என்றால் ஒன்பது பின் கொண்ட சிறியது. ஈசிசி83 என்று பார்த்தவுடன், 6.3 வோல்ட், உள்ளே இரண்டு டிரையோடு, ஒன்பது பின் என்று சொல்லிவிடலாம். அமெரிக்கர்கள் இதையே 12ஏஎக்ஸ்7 என்பார்கள். அதன் ஹீட்டரை 12.6 வோல்ட்டிலும் எரிக்கலாம் என்பதால் அந்த 12.

உயிர் இருப்பது இரும்பில்

எஸ்டி-70-ஐத் தூக்கிப் பார்த்தால்தான் அதன் எடை எங்கே இருக்கிறது என்று தெரியும். மேலே மூன்று இரும்புக் கட்டிகள். ஒன்று பவர் டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்கள். ஆம்பின் குணத்தில் பெரும்பங்கு அந்த இரண்டில் இருக்கிறது.

காரணம் எளிது. வால்வு தருவது நிறைய வோல்ட், கொஞ்சம் கரன்ட். ஸ்பீக்கர் கேட்பது கொஞ்சம் வோல்ட், நிறைய கரன்ட். இரண்டுக்கும் நடுவே பேரம் முடித்து வைப்பது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். எஸ்டி-70-ல் அது வால்வு பக்கம் 4,300 ஓம் ஆகத் தெரிவதை ஸ்பீக்கர் பக்கம் 8 ஓமுக்கு இறக்கித் தருகிறது. சுற்றுகளின் விகிதம் சுமார் 23-க்கு 1. வீட்டு மோட்டாருக்கு வேண்டிய டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸ் ஒன்றைத் தாங்கினால் போதும். இது 20 ஹெர்ட்ஸ் அடி அதிர்வையும் 20,000 ஹெர்ட்ஸ் உச்ச ஓசையையும் சேர்த்துத் தாங்க வேண்டும். கீழ் ஓசைக்கு இரும்பும் சுற்றும் நிறைய வேண்டும். சுற்று கூடினால் மேல் ஓசை மங்கும். அதனால் இரண்டு சுருள்களையும் அடுக்கடுக்காக, ஒன்றுக்குள் ஒன்று மாற்றி மாற்றிச் சுற்றுகிறார்கள். பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில் பவர் டிரான்ஸ்ஃபார்மரை மறுபடி சுற்றிக்கொள்ளலாம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் அங்கே முடிகிற வேலை அல்ல.

எஸ்டி-70-ஐ உருவாக்கிய டேவிட் ஹாஃப்லர் ஆம்ப் செய்வதற்கு முன்பு டிரான்ஸ்ஃபார்மர் செய்து விற்றவர். 1951-ல் ஹெர்பர்ட் கெரோஸ் என்பவரோடு சேர்ந்து, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் சுருளில் நடுவழியே ஒரு முனை எடுத்து வால்வின் ஸ்கிரீன் கிரிட்டுக்கு (பென்டோடில் இரண்டாவதாக இருக்கும் கிரிட்) கொடுக்கும் முறையைப் பரப்பினார். அல்ட்ராலீனியர் என்று பெயர். பென்டோடின் பலத்தை அதிகம் இழக்காமல் டிரையோடின் சுத்தத்தை நெருங்கும் வழி அது. மலிவான கிட் ஒன்று அறுபது ஆண்டு தாண்டியும் மதிக்கப்படுவதற்கு, செய்தவர் இரும்பில் காசைக் குறைக்காததே காரணம் என்று நான் நம்புகிறேன். புது ஆம்ப் வாங்கப் போகும்போதும் வால்வின் பெயரை விட்டுவிட்டு எடை எத்தனை கிலோ என்று முதலில் கேளுங்கள்.

இந்த இரும்பைக் கொல்ல ஒரே வழி போதும்: ஸ்பீக்கர் இணைக்காமல் பாட்டை ஓடவிடுவது. சக்தி போக இடம் இல்லாமல் சுருளில் ஆயிரக்கணக்கில் வோல்ட் எழும்பி, உள்ளே பொறி பறந்து காப்பு எரிந்துவிடும். டிரான்சிஸ்டர் ஆம்பில் ஸ்பீக்கர் வயர் கழன்றிருந்தால் ஒன்றும் ஆகாது. இரண்டு முனையும் ஒட்டிக்கொண்டால்தான் ஆபத்து. வால்வு ஆம்பில் கழன்றிருப்பதுதான் பெரிய ஆபத்து. வயரை இணைத்து, இழுத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் ஸ்விட்சைப் போடுங்கள்.

ஸ்பீக்கர் சரியில்லாமல் எதை மாற்றியும் பயனில்லை

35 வாட்டை 70 வாட் ஆக்கினால் சத்தம் இரு மடங்கு ஆகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. 3 டெசிபல்தான் கூடும், கவனித்தால்தான் தெரியும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். ஆனால் 86 டெசிபல் (ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் வரும் சத்தம்) ஸ்பீக்கரை விட்டு 92 டெசிபல் ஸ்பீக்கருக்குப் போனால், நான்கு மடங்கு பெரிய ஆம்ப் வாங்கியதற்குச் சமம். ஒரே ஒரு 300பி வால்வோடு 8 வாட் தரும் ஆம்பை வைத்துக்கொண்டு 85 டெசிபல் ஸ்பீக்கரைத் தள்ளச் சொன்னால், எந்த வால்வு போட்டாலும் தவில் தனி ஆவர்த்தனத்தில் மூச்சு வாங்கும்.

இன்னொரு விஷயம். ஸ்பீக்கரின் பின்னால் 8 ஓம் என்று எழுதியிருப்பது ஒரு பேச்சுக்குத்தான். ஒலியின் அலைவெண்ணுக்கு ஏற்ப அது 5 ஓமாகவும் இருக்கும், 30 ஓமாகவும் ஏறும். டிரான்சிஸ்டர் ஆம்ப் இதைக் கண்டுகொள்ளாது. வால்வு ஆம்பின் உள்மின்தடை அதிகம் என்பதால் ஸ்பீக்கரின் ஓம் ஏறுகிற இடத்தில் ஒலியும் சற்று ஏறும், இறங்குகிற இடத்தில் இறங்கும். "வால்வு ஒலி" என்று நாம் ரசிப்பதில் ஒரு பெரிய பகுதி இதுதான். மீதி, சத்தத்தை அதிகம் கூட்டும்போது முகடுகளைச் சட்டென வெட்டாமல் மெல்ல வளைப்பதும், இரண்டாம் ஹார்மோனிக் (மூல ஓசையின் இரு மடங்கு அலைவெண்) கொஞ்சம் சேர்வதும்.

1985-ல் பாப் கார்வர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் இதை நேரடியாகவே காட்டினார். ஸ்டீரியோஃபைல் இதழ்க்காரர்கள் உயர்த்திப் பேசிய ஒரு வால்வு ஆம்பை எடுத்துக்கொண்டு, அதன் வெளியீட்டிலிருந்து தன்னுடைய மலிவான டிரான்சிஸ்டர் ஆம்பின் வெளியீட்டைக் கழித்து, வித்தியாசம் மறைந்துபோகும் வரை தன்னுடையதைத் திருத்தினார். பிறகு கேட்டுப் பார்த்தவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வால்வில் மாயம் எதுவும் இல்லை, அளந்து சொல்லக்கூடிய காரணங்கள் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன். அது எனக்கு வால்வின் மேல் இருக்கும் பிரியத்தைக் குறைக்கவில்லை.

இதில் காசில்லாமல் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. ஆம்பின் பின்னால் 4, 8, 16 என்று மூன்று முனைகள் இருக்கும். 8 ஓம் ஸ்பீக்கரை ஒரு வாரம் 8-லும் ஒரு வாரம் 4-லும் போட்டுக் கேளுங்கள். 4-ல் சத்தம் சற்றுக் குறையும், பாஸ் இறுக்கமாகக் கேட்க வாய்ப்பு உண்டு. பிடித்த இடத்தில் விட்டுவிடுங்கள். எதிர்ப்புறம் மட்டும் போக வேண்டாம். 4 ஓம் ஸ்பீக்கரை 16-ல் போட்டால் வால்வுக்குப் பாரம் கூடும்.

பயாஸ்: அன்றைக்கு மாமா சொன்னது

பயாஸ் என்பது பாட்டு ஓடாதபோது மதகை எந்த அளவு திறந்து வைப்பது என்பது. மிகக் குறைவாகத் திறந்தால் மெல்லிய ஓசைகள் கரகரக்கும். அதிகமாகத் திறந்தால் வால்வு சும்மா இருக்கும்போதே வெந்து சாகும்.

ஆம்ப் வீட்டுக்கு வந்த அன்று மாலை, பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக நேரே கரன்ட் கொடுத்துவிட்டேன். முதலில் பாட்டு நன்றாகத்தான் வந்தது. இருபது நிமிடம் கழித்து வலது பக்க ஈஎல்34 ஒன்றில் நிறம் மாறியது. ஹீட்டரின் ஆரஞ்சு வெளிச்சம் எப்போதும் நடுவில்தான் தெரியும். இது வெளியே இருக்கும் சாம்பல் நிறத் தகடு. அதன் பக்கவாட்டில் ஒரு திட்டு, விசிறிவிட்ட அடுப்புக் கரி போல மங்கலாகச் சிவந்து விரிந்துகொண்டே போனது. தூசி கருகும் வாசனை வந்தது. ஸ்விட்சை அணைத்தேன்.

மறுநாள் மாமா வந்தார். உடுமலைப் பக்கம் முப்பது வருடம் மைக் செட் வைத்திருந்தவர்; திருவிழாவுக்குத் திருவிழா வால்வு செட்டைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர். கையில் மல்டிமீட்டரும், பல்ப் மாட்டிய சீரிஸ் போர்டும்.

"எத்தன நேரம் செவந்துச்சு கண்ணு?"

"அரை நிமிசம் இருக்குமுங்க மாமா. வால்வு போயிருச்சுங்களா?"

"வால்வு மேல பழி போடாத. புதுசப் போட்டாலும் இப்பிடித்தான் செவக்கும். கிரிட்டுல எத்தன வோல்ட்டு நிக்குதுன்னு முதல்ல பாக்கோணும்."

சிவந்த வால்வைப் பிடுங்கிவிட்டு, சீரிஸ் போர்டு வழியாகக் கரன்ட் கொடுத்து, சாக்கெட்டின் 5-ஆம் பின்னை அளந்தார். மற்ற மூன்றிலும் ஒரே அளவு மைனஸ் வோல்ட். இந்த ஒன்றில் அதில் பாதிகூட இல்லை. 7199-க்கும் ஈஎல்34-க்கும் இடையில் இருக்கும் கப்ளிங் கன்டென்சர் பாட்டை மட்டும் விட்டு டிசியைத் தடுக்க வேண்டியது. வயதாகி, டிசியையும் கசிய விட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கசிவு கிரிட்டின் மைனஸைத் தின்றுவிட்டது, மதகு அகலத் திறந்துகொண்டது. நான்கு கன்டென்சரையும் மாற்றினோம். செலவு இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை. அன்று நான் அவசரப்பட்டுப் புது ஈஎல்34 வாங்கியிருந்தால் ஆயிரக்கணக்கான ரூபாய் அதே சாக்கெட்டில் வெந்திருக்கும்.

எஸ்டி-70-ல் பயாஸ் அளக்க முன்பக்கமே துளை இருக்கிறது. பக்கத்துக்கு ஒரு 15.6 ஓம் ரெசிஸ்டன்ஸ். அந்தப் பக்கத்து இரண்டு ஈஎல்34-ன் கரன்ட்டும் அதன் வழியாகத்தான் போகிறது. அதன் மேல் 1.56 வோல்ட் நின்றால் 100 மில்லி ஆம்பியர், அதாவது வால்வுக்கு 50. பிளேட்டில் சுமார் 415 வோல்ட் என்றால் ஒவ்வொரு வால்வும் 21 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத் தாங்குகிறது. ஈஎல்34-ன் பிளேட் வரம்பு 25 வாட். கணக்கு சரி, ஆனால் தாராளம் இல்லை. அதனால் இன்று பலர் 1.3 முதல் 1.4 வோல்ட் வரை இறக்கி வைக்கிறார்கள். நானும் அப்படித்தான். காதில் வித்தியாசம் தெரியவில்லை, வால்வுக்கு ஆயுள் கூடும்.

கவனித்தீர்களா, அந்த ஜோடிக்கு ஒரே அளவு, ஒரே திருகு. ஒரு வால்வு 70, மற்றது 30 என்று பங்கு போட்டாலும் மீட்டர் 1.56 என்றுதான் காட்டும். அப்போது டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பில் ஒரு பக்கமாக டிசி காந்தம் ஏறி, பாஸ் தளர்ந்து, ஹம்மிங்கும் வரும். வாங்கும்போது ஜோடி சேர்த்து அளந்த வால்வு கேளுங்கள் என்று சொல்வது அதனால்தான். எல்லா ஆம்பிலும் இந்தத் திருகு இருக்காது. கேத்தோடில் ஒரு ரெசிஸ்டன்ஸ் வைத்து வால்வே தன்னைச் சரிசெய்துகொள்ளும் ஆம்புகளும் உண்டு. புதிதாக வருபவருக்கு அது நிம்மதி. வாட் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

அடிமூடியைக் கழற்றுவதாக இருந்தால் இதைப் படித்துவிட்டுக் கழற்றுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கன்டென்சர்களில் 400 வோல்ட் தங்கியிருக்கக்கூடும். அது சாதாரண ஷாக் அல்ல, ஆளைக் கொல்லும். இரண்டு முனையிலும் கிளிப் போட்ட 10,000 ஓம், 10 வாட் ரெசிஸ்டன்ஸ் ஒன்றை கன்டென்சருக்கும் ஆம்பின் உலோக உடலான சேசிஸுக்கும் இடையில் சில நொடி பிடித்து, பிறகு மீட்டரால் அளந்து, பூஜ்யத்துக்கு அருகில் வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே விரல் உள்ளே போகலாம். ஓடும்போது அளக்க நேர்ந்தால் ஒரு கை மட்டும். மற்றது சட்டைப் பையில். இது பழக்கமில்லாதவர்கள் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

பழைய ஆம்பில் உண்மையாகவே மாற்ற வேண்டியவை

மேலே நிற்கும் அலுமினியக் குவளை மெயின் கன்டென்சர். ஒரே குவளைக்குள் நான்கு: 30, 20, 20, 20 மைக்ரோ ஃபாரட். அறுபது வருடத்தில் உள்ளிருக்கும் ரசாயனம் காய்ந்திருக்கும். மாற்றத்தான் வேண்டும். அப்போது "பெருசாப் போட்டா பாஸ் நல்லா வரும்" என்று யாராவது சொல்வார்கள். ரெக்டிஃபயரை அடுத்து வரும் முதல் கன்டென்சரில் அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். ஜிஇசட்34 அங்கே 60 மைக்ரோ ஃபாரட் வரைதான் தாங்கும். அதற்கு மேல் போட்டால் ஒவ்வொரு முறையும் அந்தக் குவளையை நிரப்பப் பாயும் கரன்ட் ரெக்டிஃபயரைப் பொறி பறக்க வைக்கும். வோல்ட் அளவிலும் சிக்கனம் வேண்டாம். 500-க்கு மேல் தாங்குவது தேவை, எளிதில் கிடைக்கும் 450 போதாது.

ஜிஇசட்34-க்குப் பதில் சிலிக்கன் டையோடு போடச் சொல்பவர்களும் உண்டு. சிலிக்கனில் விழும் வோல்ட் மிகக் குறைவு என்பதால் பிளேட் வோல்ட் ஏறும். வால்வுகள் சூடாகும் முன்பே முழு வோல்ட்டும் வந்து நின்று கன்டென்சர்களை இம்சிக்கும். ஜிஇசட்34 மெதுவாகச் சூடாகி மெதுவாகவே கரன்ட்டை விடுகிறது. மற்ற வால்வுகளுக்குக் கிடைக்கும் அந்த அவகாசத்தை இழக்க வேண்டாம். 5யு4 அதே சாக்கெட்டில் உட்காரும் என்று போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஜிஇசட்34 ஹீட்டர் 1.9 ஆம்பியர், 5யு4 3 ஆம்பியர். ஏற்கெனவே கை வைக்க முடியாத சூட்டில் ஓடும் பவர் டிரான்ஸ்ஃபார்மருக்கு அது அநியாயம்.

பயாஸுக்கு மைனஸ் வோல்ட் தருகிற இடத்தில் அந்தக் காலத்துச் செலினியம் ரெக்டிஃபயர் ஒன்று இருக்கும். அது செத்தால் நான்கு ஈஎல்34-ம் ஒன்றாகச் சிவக்கும். இங்கே மட்டும் சிலிக்கன் டையோடு கண்ணை மூடிக்கொண்டு போடலாம். சில ரூபாய்தான். பக்கத்தில் இருக்கும் இரண்டு சிறு கன்டென்சரையும் சேர்த்து மாற்றிவிட்டு, பயாஸை மறுபடி அளந்து வைக்க வேண்டும். என்னைக் கேட்டால் எஸ்டி-70-க்குச் செய்யக்கூடிய மிக நல்ல அப்கிரேடு இதுதான். ஒலியில் எதுவும் கேட்காது. ஆனால் ஆம்ப் பிழைத்திருக்கும்.

இனி வால்வு

இன்று உலகத்துக்கு வால்வு செய்து தரும் பெரிய தொழிற்சாலைகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. ரஷ்யாவில் சரடோவ், ஸ்லோவாக்கியாவில் ஜேஜே, சீனாவில் சில. அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் மறுபடியும் 300பி செய்கிறது. சோவ்டெக், எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ், டங்-சால், ஜெனலெக்ஸ் கோல்டு லயன் என்று கடையில் தனித்தனிப் பெட்டியில் பார்ப்பதெல்லாம் சரடோவ் ஆலையின் பிள்ளைகள். பழைய புகழ்பெற்ற பெயரை வாங்கி ஒட்டியிருக்கிறார்கள். 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது இத்தனை பெயர்களும் ஒரே வாரத்தில் தட்டுப்பாடானது அதனால்தான்.

பழைய கையிருப்புச் சரக்கில் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலையில் செய்த முல்லார்டு, ஜெர்மனியின் டெலிஃபங்கன் இவற்றுக்குத் தனி மதிப்பு. மேலே அச்சடித்த பெயரை அழித்து வேறு பெயர் அச்சடிப்பது சுலபம் என்பதால் ஏமாற்றும் அதிகம். டெலிஃபங்கன் ஈசிசி83-ன் அடியில், பின்களுக்கு நடுவே கண்ணாடியிலேயே வைரக் குறி ஒன்று பதிந்திருக்கும். தடவிப் பார்த்து வாங்குங்கள். பெங்களூருவில் பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) நிறுவனம் செய்த வால்வுகளும் நம் ஊர்ப் பழைய ரேடியோ கடைகளில் கண்ணில் படும். கிடைத்தால் விடாதீர்கள்.

சின்ன வால்வுகளில் மாற்றிப் பார்ப்பது அதிகச் செலவில்லாத ஆசை. 12ஏஎக்ஸ்7, 12ஏடி7, 12ஏயு7 மூன்றும் ஒரே சாக்கெட்டில் உட்காரும். ஆனால் பெருக்கும் திறன் முறையே 100, 60, சுமார் 18. உட்கார்ந்துவிட்டது என்பதாலேயே பொருந்திவிட்டது என்று ஆகாது. ஈஎல்34 இருக்கும் இடத்தில் கேடி88 போடும் ஆசைக்கும் இதே பதில். கேடி88 இன்னும் கூடுதல் பாரம் தாங்கும் பெரிய வால்வு. அதை அதன் பலத்துக்கு ஓட்ட வேண்டிய கரன்ட்டையும் வோல்ட்டையும் எஸ்டி-70-ன் டிரான்ஸ்ஃபார்மரால் தர முடியாது. மாட்டின் அளவைப் பார்த்து வண்டி பூட்டுவதுபோலத்தான் இதுவும். 7199 விஷயம் வேறு. அது இப்போது எளிதில் கிடைப்பதில்லை. கிடைக்கிற சின்ன வால்வுகளை வைத்து ஓடும் மாற்று போர்டுகள் எஸ்டி-70-க்கென்றே விற்கின்றன. வால்வுப் பக்கம் நான் காசு செலவழித்தது அதற்கு மட்டும்தான்.

வால்வின் உடல்நிலையைக் கண்ணாலேயே பார்க்கலாம். உச்சியில் கண்ணாடி போலப் பளபளக்கும் பூச்சு பேரியம். உள்ளே மிஞ்சிய வாயுவை உறிஞ்சிக்கொள்வது அதன் வேலை. அது பால் வெள்ளையாகிவிட்டால் காற்று நுழைந்துவிட்டது, வால்வு முடிந்தது. கண்ணாடியின் உட்புறத்தில் நீல ஒளி படர்ந்து பாட்டோடு அசைந்தால் பயம் வேண்டாம். பிளேட்டுக்குள் ஊதாவும் ரோஜா நிறமுமாகப் புகை போல நின்றால் வாயு கசிந்திருக்கிறது, அணைத்துவிடுங்கள். சின்ன வால்வைப் பென்சிலின் மரப்பகுதியால் மெல்லத் தட்டினால் ஸ்பீக்கரில் "டிங்" என்று நீண்டு ஒலிக்கிறதா? உள்ளே கம்பிகள் தளர்ந்துவிட்டன.

நம் வீட்டுக் கரன்ட்

அமெரிக்காவிலிருந்து 120 வோல்ட் ஆம்ப் கொண்டுவருபவர்கள் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். வோல்ட் இறங்கும், ஆனால் 50 ஹெர்ட்ஸ் 60 ஆகாது. 60-க்கு அளவெடுத்த இரும்பில் 50 ஹெர்ட்ஸ் போனால் காந்த ஓட்டம் 20 சதவீதம் கூடும்; டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சுடும், முனகும். 110 வோல்ட் தரும் ஸ்டெப்-டவுனாகப் பார்த்து வாங்கினால் கொஞ்சம் ஈடாகும். பிறகு நான் 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸுக்கென்றே சுற்றிய பவர் டிரான்ஸ்ஃபார்மருக்கு மாறிவிட்டேன். பழையதைப் பத்திரமாகத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

நான்கு ஈஎல்34-ன் ஹீட்டருக்கு மட்டுமே 38 வாட் போகிறது. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 150 வாட் என்று வைத்தால், தினம் நான்கு மணி நேரத்துக்கு மாதம் 18 யூனிட். சித்திரை வைகாசியில் அது அறைக்குள் ஒரு சிறு அடுப்பு. மூடிய அலமாரியில் வைக்காதீர்கள். மேலே ஒரு அடியாவது திறந்தவெளி வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் கம்பிக் கூண்டைக் கழற்றக் கூடாது. கண்ணாடி தொட்டால் தோல் உரியும் சூடு அது.

ஆம்புக்குப் பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை, ஆம்ப் அரை மணி நேரம் ஓடிய பிறகு இரண்டு பக்கப் பயாஸையும் அளந்து தேதியோடு எழுதிவிடுவேன். ஒரு வால்வு தளர ஆரம்பித்தால் காதுக்குத் தெரியும் முன்பே அந்த எண்கள் இறங்கத் தொடங்கும். போன ஞாயிற்றுக்கிழமை எழுதியது: இடது 1.38, வலது 1.36. வலது கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. அடுத்த மாதம் மாமா வரும்போது அந்த ஜோடியைப் பிடுங்கி இடது பக்கம் போட்டுப் பார்க்க வேண்டும்.